முதலில் செத்தவை நத்தைகள்

அத்தியாயம் பதினான்கு

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் காலையில், சின்னவள் மீன்தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள்.

ஊசியில்லாத சிரிஞ்சால் 'குடை'யின் மேல் படிந்திருந்த கோழையை ஊதி ஊதி விலக்கினாள். விலக விலகப் புதிதாகச் சுரந்தது. குடை என்பது வீட்டில் வைத்த பெயர். கடைக்காரர்கள் தோல் பவளம் என்பார்கள். கல் போல் இறுகாத மென்பவளம். வாங்கி வந்தபோது கட்டைவிரல் அளவுதான் இருந்தது. பதினோரு வருஷத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்து, அதன் மேல் நூற்றுக்கணக்கில் குட்டி விரல்கள் முளைத்து, தண்ணீர் போகும் பக்கமெல்லாம் சாய்ந்து ஆடும். இன்றைக்கு அது மழையில் நனைந்து காய்ந்த செருப்பு மாதிரி சுருண்டு கிடந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்டி? அவங்க வந்துருவாங்க," என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

"வரட்டும்மா."

"மனுஷனுக்கு ஒரு சிட்டிகை உப்பு போடக் கூடாதாம். அந்த மீனுக்கு மட்டும் மூட்டை மூட்டையா உப்பு."

வழக்கமாக இதற்கு இருவரும் சிரிப்பார்கள். இன்று சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு. மூன்று வாரத்துக்கு முன்பு கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த அப்பா, இயந்திரத்தை நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தார். ஆம்புலன்சில் ஏற்றும்போது அவர் சொன்னது இரண்டே விஷயம். "நண்டு, கடை. நண்டு, தொட்டி." நண்டு என்றால் சின்னவள். பிறந்தது முதல் ஓரிடத்தில் நிற்காததால் அவர் வைத்த பெயர். புகுந்த வீட்டிலிருந்து ஒரே பெட்டியோடு திரும்பி வந்த நாளிலும், ஏன் எதற்கு என்று கேட்காமல், "நண்டு, அந்த லென்ஸை எடு," என்றுதான் கடையில் உட்கார வைத்தார்.

இரண்டையும் அவள் பார்த்துக்கொண்டாள். விடிந்ததும் தொட்டி, அப்புறம் கடை, மதியம் ஆஸ்பத்திரி, மறுபடியும் கடை. ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாக உப்பில்லாத தண்ணீர் விட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பழைய தண்ணீரை வாளியில் இறக்கி, கலந்து வைத்த புது உப்புத்தண்ணீரை ஊற்றினாள். சூடும் உப்பும் அப்பா கோடு போட்டு வைத்த இடத்தை விட்டு அசையவில்லை.

இருந்தும் போன வாரம் நத்தைகள் தொட்டிக் கண்ணாடியிலிருந்து பிடி விட்டுக் கீழே விழுந்தன. பிறகு இறால். பிறகு 'கைதட்டி'. ஓயாமல் விரல்களை விரித்து மூடிக்கொண்டிருக்கும் அந்த வெளிர்நிறப் பவளம், ஒரு காலையில் அசையாமல் நின்றது. மறுநாள் சளி மாதிரி கரைந்தது.

அப்பாவிடம் சொல்லவில்லை. தையல் பிரிக்காத நெஞ்சோடு படுத்திருப்பவரிடம் என்னவென்று சொல்வது? போதாததற்கு, அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே ஒன்று சொல்லியிருந்தார்: "வீட்டுக்கு வந்ததும் கடைச் சாவி யார்கிட்டன்னு சொல்றேன். என்னால இனிமே உக்கார முடியாது."

அம்மா அன்று முதல் மூத்த மகன் பெரியவன் பேச்சாகவே இருந்தாள். மருந்துக் கம்பெனி வேலை போய், மாமனார் வீட்டு மாடியில் குடியிருக்கிறான். அப்பாவுக்கும் அவனுக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. "எதைத் தொட்டாலும் பாதியில விட்டுட்டு வருவான்," என்பது அவனைப் பற்றி அப்பா எல்லோரிடமும் சொல்லும் ஒரே வாக்கியம். அவனுக்கும் கேட்கும்படியாகவே சொல்வார்.

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது.

---

மாடிப்படி ஏற அப்பாவுக்கு வெகுநேரம் ஆயிற்று. இரண்டு படிக்கு ஒருமுறை நின்றார். பெரியவன் முழங்கையைப் பிடித்தான். அப்பா உதறவில்லை, அதற்கு உடம்பில் தெம்பில்லை.

"நேரா போய்ப் படுங்க," என்றாள் அம்மா.

"படுத்துக்கிட்டேதானே இருந்தேன்," என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்கு எதிரே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். பார்த்தார்.

சின்னவள் பக்கத்தில் நின்றாள். பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் முன்னால் நிற்பது போலிருந்தது.

"நத்தை எங்க?"

"செத்துடுச்சுப்பா."

"எல்லாமா?"

"எல்லாம்."

"இறால்?"

"அதுவும்தான்."

அவர் குனிந்து மீன்களைப் பார்த்தார். மஞ்சள் மீன் பளபளவென்று சுற்றியது. கோமாளி மீன்கள் இரண்டும் தீனி வருமென்று மேலே வந்து வாயைத் திறந்தன.

"மீனு எல்லாம் நல்லா இருக்கு," என்றார். அதைச் சொன்ன விதம் நல்ல செய்தி சொல்வதாக இல்லை.

"ஆமாப்பா. அதான் எனக்கும் புரியல. தண்ணி கெட்டிருந்தா மீனுதானே..."

"கீழ் டிராயர்ல ஒரு நீலப் பெட்டி இருக்கும். எடு."

அது குழாய்த் தண்ணீர் பயன்படுத்திய காலத்தில், தண்ணீரில் உலோகம் கலந்திருக்கிறதா என்று சோதிக்க வாங்கியது. சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, மூடிக் குலுக்கினார். பெரியவனிடம் கொடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னார். தண்ணீர் மெல்ல நிறம் மாறியது.

"செம்பு," என்றார் அப்பா. "மீனுக்கு வர்ற வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஊத்தற மருந்து. மீனு பிழைச்சுக்கும். நத்தை, இறால், பவளம் எல்லாத்துக்கும் விஷம். தனித் தொட்டியில மீனை எடுத்து விட்டுத்தான் ஊத்தணும். யாரு ஊத்துனது?"

பெரியவன் குப்பியைக் கீழே வைத்தான்.

"நான் ஊத்தலப்பா," என்றாள் சின்னவள்.

"பின்ன அதுவா குதிச்சு உள்ள விழுந்துச்சா?"

"சத்தியமா நான் எந்த மருந்தும் வாங்கல."

"யார்கிட்ட விட்டுட்டுப் போனேன்?"

அம்மா தட்டில் மாத்திரைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "அவதான் பாத்துக்கிட்டா. பாவம், அவளும் எத்தனையத்தான் கவனிப்பா."

பரிந்து பேசுவது போல இருந்தது அது. ஆனால் சின்னவள் சட்டென்று திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

அப்பா கத்தவில்லை. கத்தக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஒரு தொட்டித் தண்ணியைப் பாத்துக்கத் தெரியல. தப்பு பண்ணினா பண்ணிட்டேன்னு சொல்லவும் தெரியல. உன்னை நம்பி கடையைக் குடுக்கலாம்னு அங்க படுத்துக்கிட்டு நினைச்சேன் பாரு," என்றார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "உயிரோட ஏதாவது மிச்சம் இருந்தா வாளிக்கு மாத்து," என்றார்.

---

சமையலறையில் கலந்து வைத்திருந்த புது உப்புத்தண்ணீரை வாளியில் ஊற்றும்போது சின்னவள் தரையெல்லாம் சிந்திவிட்டாள்.

அம்மா துணியை எடுத்து வந்து துடைத்தாள். குனிந்தபடியே இருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"அம்மா."

"என்ன?"

"நான் கடையில இருக்கறப்ப வீட்டுக்கு யாரு வந்தாங்க?"

துணி நின்றது.

"அப்பா துணிமணி எடுக்க அண்ணன் வந்தானே, அன்னிக்கா?"

அம்மா எழுந்து கதவை ஒருக்களித்தாள். "மெதுவா பேசு."

"அம்மா, அவனா?"

"அவன் நல்லதுக்குத்தான் பண்ணான். மஞ்ச மீனு மேல வெள்ளை வெள்ளையா இருக்குன்னு நீதானே போன்ல அவன்கிட்ட சொன்ன? மீனு செத்துட்டா அப்பா தாங்க மாட்டாருன்னு, போய் மருந்து வாங்கிட்டு வந்து ஊத்தினான். நானும் பக்கத்துலதான் இருந்தேன்."

"உனக்குத் தெரியும். ஒரு வாரமா நான் நத்தையைப் பொறுக்கிப் பொறுக்கி வெளிய போடறேன். எதனாலன்னு தெரியாம பைத்தியம் பிடிச்ச மாதிரி தண்ணி மாத்தறேன். நீ பாத்துக்கிட்டு இருந்த."

"அதனாலதான் சாகுதுன்னு எனக்கென்ன தெரியும்? இப்ப அவரு சொல்லித்தான் தெரியுது."

"இப்பத் தெரிஞ்சுதுல்ல. அப்புறம் ஏன் அவதான் பாத்துக்கிட்டான்னு சொன்ன?"

அம்மா துணியைப் பிழிந்தாள். பதில் சொல்லும்போது குரல் தாழ்ந்து, ஏற்கெனவே பலமுறை மனதில் சொல்லிப் பார்த்தது போல வரிசையாக வந்தது. "உன்னைத் திட்டுவாரு, நாளைக்கு மறந்துடுவாரு. கோபம் தணிஞ்சா உன்னைத்தான் முதல்ல கூப்பிடுவாரு. அவனை அப்படி இல்ல. அவன் பண்ணினதுன்னு தெரிஞ்சா, செத்தாலும் மன்னிக்க மாட்டாரு, கடையையும் குடுக்க மாட்டாரு. அந்த வீட்டுல அவன் மாமனார் கண்ணுல முழிச்சுக்கிட்டு எத்தனை நாள் இருப்பான்? நீ தாங்குவடி. அவன் தாங்க மாட்டான்."

"தாங்கறவளா இருக்கறதுக்கு எனக்குக் கிடைக்கறது இதானாம்மா?"

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

---

பெரியவன் மாடிப்படியின் கீழ்ப் படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சின்னவள் அவனுக்கு மேலே இரண்டு படி தள்ளி நின்றாள்.

"அம்மா சொல்லிட்டாங்களா?" என்று அவனே கேட்டான்.

"நீ சொல்லியிருக்கணும்."

"கடைக்காரன்கிட்ட மீனுக்குன்னுதான் கேட்டேன். பவளம் இருக்குன்னு சொல்லத் தோணல. எனக்கு அதெல்லாம் செடின்னுதான் நினைப்பு." முகத்தை உள்ளங்கைகளால் தேய்த்துக்கொண்டான். "வேலைதான் போச்சு, இதையாவது உருப்படியா பண்ணுவோம்னு பாத்தேன். அப்பா வந்து, மீனு பிழைச்சிடுச்சே, யாரு பண்ணினதுன்னு கேப்பாருன்னு..."

முடிக்கவில்லை. அவனுடைய முன்னந்தலை முடி நரைக்கத் தொடங்கியிருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். கோபத்தைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தவளுக்கு, அதை அப்படியே அவன் தலையில் கொட்ட முடியவில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எனக்கு உன் மேல கோபம் மருந்துக்காக இல்லண்ணா. அப்பா யாருன்னு கேட்டப்ப, குப்பியைக் கீழ வெச்சுட்டுப் பேசாம நின்னியே, அதுக்கு."

"சொல்லிடறேன்."

"எப்ப?"

"இப்பவே. வா." எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். இரண்டிரண்டு படியாக ஏறினான். நடுவில் திரும்பி, "நீ பக்கத்துல இரு. அவரு ஏதாவது சொன்னா நான் பாதியில வெளிய வந்துடுவேன்," என்றான்.

அதை அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

---

அப்பா நாற்காலியை விட்டு அசையவில்லை. மடியில் கடைச் சாவிக் கொத்து இருந்தது. அம்மா எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும்.

"அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்," என்றான் பெரியவன்.

"முதல்ல நான் சொல்லிடறேன்." அப்பா கையை உயர்த்தினார். "ஆஸ்பத்திரியில ராத்திரியெல்லாம் நீதான் உக்காந்திருந்த. முழிப்பு வந்து பாக்கறப்பல்லாம் அந்த ஸ்டூல்லயே இருந்த. போயிருப்பேன்னுதான் ஒவ்வொரு தடவையும் நினைச்சேன். போகல." மடியிலிருந்த கொத்தைக் கையில் எடுத்தார். "உன்னைப் பத்தி நிறைய சொல்லியிருக்கேன். எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். அதெல்லாம் இருக்கட்டும். கடையை நீ பாரு."

சாவியை நீட்டினார்.

பெரியவனின் வாய் திறந்தபடியே இருந்தது. சின்னவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் நாற்பது வயது மனிதன் இல்லை. மதிப்பெண் அட்டையை முதல்முறையாகத் திட்டு வாங்காமல் திரும்பப் பெற்ற ஒரு பள்ளிக்கூடப் பையன் இருந்தான். கண் கலங்கியது. கை தானாக நீண்டது.

சாவி கை மாறியது.

"என்னமோ சொல்லணும்னியே," என்றார் அப்பா.

"ஒண்ணும் இல்லப்பா. அப்புறம் சொல்றேன்."

அம்மா வாசற்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்னவள் தொட்டிப் பக்கம் போனாள். கையை விட்டு, அடியில் ஒரு சின்னக் கல்லில் ஒட்டிக்கொண்டிருந்த காளான் பவளங்கள் நான்கைக் கல்லோடு எடுத்தாள். சுருங்கியிருந்தாலும் தொட்டால் இறுகின. குடையின் அடித்தண்டில் கெட்டியான பகுதி கொஞ்சம் மிச்சமிருந்தது. கத்திரியால் அழுகிய மேல்பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, தண்டை மட்டும் வாளியில் இறக்கினாள். பேட்டரிப் பம்பைப் போட்டாள். குமிழிகள் மேலே வந்தன.

"கல்லோட நல்லா அலசிட்டுப் போட்டியா?" என்றார் அப்பா.

"அலசினேன்."

"மீன்கடையில சுத்தமான தொட்டி இருக்கும், அங்க கொண்டு போய் விடு. இங்க இனிமே எதையும் வெக்க முடியாது. மீனையும் யாருக்காவது குடுத்துடலாம். கல்லு, மணல் எல்லாம் செம்பைக் குடிச்சிருக்கும். மொத்தமா அள்ளிப் போட வேண்டியதுதான்."

"எல்லாத்தையுமாப்பா?" பெரியவன் பதறிப் போய்க் கேட்டான். "பாட்டில்ல ஒரு வாரத்துல அதுவா குறைஞ்சுடும்னுதானே போட்டிருந்துச்சு?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

அப்பா மெதுவாகத் தலையைத் திருப்பி மகனைப் பார்த்தார். அவன் கையில் இறுகியிருந்த சாவியைப் பார்த்தார். வாசற்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். ஒரு லென்ஸில் எந்த இடத்தில் கீறல் என்று கண்டுபிடிக்கும்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும்.

எந்த பாட்டில் என்று அவர் கேட்கவில்லை.

கேட்பார் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவர் சின்னவள் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. கைப்பிடியை அழுத்தி எழுந்தார்.

"மாத்திரை எங்க? குடு, படுக்கறேன்," என்றார் அம்மாவிடம். அறை வாசலில் நின்று, யாருக்கென்று இல்லாமல், "அந்த வாளியைச் சீக்கிரம் எடுத்துட்டுப் போகணும். சூடு இறங்கிடும்," என்றார்.

கதவு சாத்திக்கொண்டது.

பெரியவன் தங்கையைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள்.

---

மீன்கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. வாளித் தண்ணீரோடு தன் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பவளங்கள் பழகட்டும் என்று காத்திருந்து, மூலையில் வெளிச்சம் குறைவான இடத்தில் கல்லை வைத்தார். தண்டு சாயாமல் இருக்க வலைத்துணியால் ஒரு கல்லோடு சேர்த்துக் கட்டினார்.

"பிழைக்குமா?" என்று கேட்டாள்.

"காளான் பிழைச்சுக்கும். தண்டைப் பத்திச் சொல்ல முடியாது. அடுத்த வாரம் வந்து பாருங்க."

காலி வாளியோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். உப்புத்தண்ணீர் காய்ந்து கையெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து, சாவியைத் திரும்ப வாங்காமல் போய்ப் படுத்துக்கொண்டார். வாழ்நாளில் முதல்முறையாக மகனைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னவர், அந்த வார்த்தை வாயிலேயே ஈரமாக இருக்கும்போது அதைத் துப்ப மனமில்லாமல் விழுங்கிவிட்டார். அவளுக்கு அது புரிந்தது. ஆறுதலாக இல்லை. அவள் எதற்குக் காத்திருந்தாளோ அது கடை இல்லை. நீ ஊத்தலை என்று ஒரு வார்த்தை.

வீட்டுப் பக்கம் போகும் பேருந்து வந்து நின்றது. ஏறுவதற்குக் கால் வரவில்லை. அது போயிற்று.

போன் அடித்தது. அம்மா.

"எங்கடி இருக்க? அப்பா உன்னைக் கேக்கறாரு."

சின்னவள் வாளியைக் கீழே வைத்தாள். "என்ன கேக்கறாரு?"

"செய்யக் குடுத்த கண்ணாடியை வாங்க ஒரு டீச்சரம்மா வந்து கீழ நிக்கிறாங்களாம். பெரியவன் கடையெல்லாம் புரட்டிப் போட்டுட்டான், கிடைக்கல. எங்க வெச்சிருக்கன்னு உன்கிட்ட கேக்கச் சொன்னாரு."

அந்த டீச்சரைத் தெரியும். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வருகிறவர் முகம் தெரியாது. ஒரு வாரமாகப் பழைய உடைந்த கண்ணாடியை நூலால் கட்டிப் போட்டுக்கொண்டு வகுப்பெடுக்கிறார்.

"இடது பக்கம் மூணாவது டிராயர். பச்சை உறை," என்றாள். "அப்படியே குடுத்துடக் கூடாதுன்னு சொல்லு. அவங்க மூக்கு ஒரு பக்கம் லேசா கோணல். முகத்துல போட்டுப் பாத்துட்டு, பிரேமை சூடு காட்டி வளைச்சுக் குடுக்கணும். இல்லன்னா ரெண்டு நாள்ல தலைவலி வந்துடும்."

மறுமுனையில் அம்மா அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வது கேட்டது. அதன் பின்னால் அப்பாவின் இருமல் கேட்டது. வார்த்தை ஏதும் கேட்கவில்லை.

"சரி, சொல்லிட்டேன்," என்றாள் அம்மா. பிறகு குரல் தயங்கியது.

"அதை யாருடி வளைக்கறது?"

அடுத்த பேருந்து திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. சின்னவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, அது வருவதையே பார்த்து நின்றாள்.